வரலாற்றுத் துறையில் நமது பிள்ளைகள்: யார் போகிறார்கள், எதற்காகப் போகிறார்கள்?

2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கல்விச் சீர்திருத்தம் பற்றிய பேச்சு சூடுபிடித்தபோது, சாதாரண தர வகுப்புகளில் வரலாறு கட்டாயப் பாடமாகத் தொடருமா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. பாராளுமன்றத்திலும் பேசப்பட்டது. வரலாறு நீக்கப்படாது என்று அரசாங்கம் விளக்கம் கொடுத்த பிறகு சத்தம் அடங்கியது. அந்த நாட்களில் நமது சமூகத்தின் முகநூல் பக்கங்களிலும் வட்ஸ்அப் குழுமங்களிலும் இரண்டு கருத்துகள் மாறி மாறி வந்தன. பாடநூலில் நம்மைப் பற்றி ஒன்றுமே இல்லை, அந்தப் பாடம் போனால் போகட்டும் என்றார்கள் சிலர். இருக்கட்டும், ஆனால் நமது வரலாறும் அதில் எழுதப்பட வேண்டும் என்றார்கள் வேறு சிலர். எழுதுவது யார் என்று எவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பாடநூல் எழுத ஒருவர் வேண்டுமென்றால் அவர் பல்கலைக்கழகத்தில் வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் படித்திருக்க வேண்டும், அதற்கு மேலும் ஆய்வு செய்திருக்க வேண்டும். அப்படியானால் இன்று அந்தத் துறைக்குப் போகின்ற நமது பிள்ளைகள் யார்? எந்த வீடுகளில் இருந்து போகிறார்கள்? படித்து முடித்து என்ன ஆகலாம் என்று நினைக்கிறார்கள்?

நான் பட்டதாரி அல்லன். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று வந்து, கிழக்கின் கரையோர ஊரொன்றில் சாதாரண தர மாணவர்களுக்கு வரலாறு கற்பிப்பவன். ஆனால் உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யும்போதும், பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும்போதும், பிறகு விடுமுறையில் ஊருக்கு வரும்போதும் பிள்ளைகள் வந்து கதைப்பார்கள். நான் சொல்லப்போவது அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டவை.

முதலில் வீட்டுப் பின்னணி. நமது ஊர்களில் எல்லாப் பாடசாலைகளிலும் விஞ்ஞானப் பிரிவு இல்லை. 1ஏபி தரப் பாடசாலையில்தான் உயிரியலும் கணிதமும் இருக்கும். 1சீ தரப் பாடசாலையில் கலையும் வர்த்தகமும் மட்டுமே. நகரத்துப் பெரிய பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்ப பஸ் காசு வேண்டும், பௌதிகவியல், இரசாயனவியல் டியூஷனுக்குக் காசு வேண்டும். அது இல்லாத வீட்டுப் பிள்ளை பக்கத்துப் பாடசாலையிலேயே கலைப் பிரிவில் சேர்கிறது. தகப்பன் மீன்பிடிப்பவர், வயலில் கூலிக்குப் போகிறவர், ஓட்டோ ஓட்டுகிறவர், அல்லது தாய் மத்திய கிழக்கில் வேலை செய்கிறார். வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போகும் முதல் ஆள் இந்தப் பிள்ளைதான். பெரும்பாலும் பெண் பிள்ளை. ஆண் பிள்ளை கெட்டிக்காரனாக இருந்தால் எப்படியாவது கணிதப் பிரிவுக்குத் தள்ளப்படுகிறான், இல்லையென்றால் உயர்தரம் முடிந்த கையோடு கட்டாருக்கோ துபாய்க்கோ போய்விடுகிறான். நாட்டின் கலைப் பீடங்களில் மாணவிகள் பெரும்பான்மையாக இருப்பதற்கு நமது ஊர்களும் தம் பங்கைச் செய்கின்றன.

இதில் வரலாற்றைத் தெரிவு செய்கிறவர்கள் இன்னும் குறைவு. உயர்தரக் கலைப் பிரிவில் நமது பிள்ளைகள் விரும்பி எடுப்பவை இஸ்லாம், இஸ்லாமிய நாகரிகம், தமிழ், புவியியல், அரசியல் விஞ்ஞானம், அரபு, ஊடகக் கற்கைகள். வரலாற்றுக்குப் பாடப்பரப்பு பெரிது. இலங்கை வரலாறு ஒரு பக்கம், இந்திய, ஐரோப்பிய வரலாறு இன்னொரு பக்கம். இசட் புள்ளி குறைந்துவிடும் என்ற பயம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. கற்பிக்க ஆசிரியர் இல்லாத பாடசாலைகளும் உண்டு. நல்ல பெறுபேறு கிடைக்கும் பாடத்தை எடு என்று நாங்களே சொல்கிறோம். அந்த அறிவுரையில் பிழை இல்லை. பல்கலைக்கழகத்துக்குள் நுழைவதற்கு வேறு வழி அந்தப் பிள்ளைக்கு இல்லையே.

ஆகவே பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ போய் முதல் வருடம் பாடம் தெரிவு செய்யும் நேரத்தில்தான் பலர் வரலாற்றைச் சந்திக்கிறார்கள். மேல் வகுப்பு அக்கா ஒருத்தி சொன்னாள், விரிவுரையாளர் தமிழில் நன்றாக விளக்குகிறார், புவியியலில் இடம் கிடைக்கவில்லை, நேர அட்டவணை பொருந்தியது என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். வரலாற்றின் மீது ஆசை வைத்து, அதைத்தான் படிப்பேன் என்று போனவர்களை என் அனுபவத்தில் ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அவர்களிலும் இருவர் அரபுக் கல்லூரியில் ஓதிக்கொண்டே உயர்தரம் எழுதியவர்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

வேலை பற்றிக் கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். அரசாங்க நியமனம். அதிலும் ஆசிரியர் நியமனம், அதுவும் ஊருக்குப் பக்கத்தில். போன வருடம் ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: "சேர், ஸ்பெஷல் செய்தால் நாலு வருஷம். ஜெனரல் செய்தால் மூணு வருஷம். ரெண்டுக்கும் கடைசியில் கிடைக்கிறது ஒரே நியமனம்தானே? நான் எதுக்கு ஒரு வருஷம் கூட இருக்கணும்?" கணக்குப் பிழையில்லாத கேள்வி. உயர்தரம் எழுதி, பெறுபேறு வந்து, அனுமதி கிடைத்து உள்ளே போகவே வருடம் கடந்துவிடுகிறது. இடையில் வேலைநிறுத்தம், மூடல். வெளியே வரும்போது வயது 25, 26. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கி நாளாகியிருக்கும். மஹாபொல கொடுப்பனவு 2025இல் 7,500 ரூபாய்க்கு உயர்த்தப்பட்டும், விடுதிக்கு வெளியே அறை எடுத்துத் தங்கும் பிள்ளைக்கு அது மாதத்தின் பாதிக்குக்கூடக் காணாது. அந்த மேலதிக ஒரு வருடத்தில்தான் ஆய்வுக் கட்டுரை எழுதுவதும் மூலச் சான்று தேடுவதும் நடக்கிறது. வரலாற்று ஆய்வாளர் ஒருவர் உருவாகும் வருடம் அது. அந்த வருடத்தைத்தான் பிள்ளைகள் முதலில் வெட்டுகிறார்கள்.

வெளியே வந்த பிறகு நடப்பதும் நமக்குத் தெரியும். நியமனம் கேட்டுப் பட்டதாரிகள் வீதியில் சத்தியாக்கிரகம் இருப்பது இந்த நாட்டில் பழகிப்போன காட்சி. 2020இல் பல்லாயிரம் பட்டதாரிகள் மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவுடன் பயிலுநர்களாக எடுக்கப்பட்டார்கள். பிறகு அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று பெயர் வந்தது. ஆயிரக்கணக்கானோர் பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டு, ஆசிரியர் சேவைக்குள் எங்களை உள்வாங்குங்கள் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வரலாற்றில் சிறப்புப் பட்டம் பெற்ற ஒருவர் பாடசாலை அலுவலகத்தில் கோவை அடுக்கிக்கொண்டிருப்பதையும், பக்கத்து வகுப்பறையில் வரலாற்றுக்கு ஆசிரியர் இல்லாமல் பிள்ளைகள் சும்மா இருப்பதையும் ஒரே நாளில் நான் பார்த்திருக்கிறேன்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு படிப்பது உயர்ந்தோர் வீட்டுப் பிள்ளைகளின் படிப்பாக இருந்தது. சிவில் சேவைப் பரீட்சைக்கு அது ஒரு நல்ல வாசல். மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் அங்கே வரலாறு படித்தவர். 1935இல் இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம் அவரே. 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்ததும், 1945இல் முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்தைத் தொடக்கியதும், 1948இல் சிவில் சேவையை விட்டு கொழும்பு ஸாஹிராவின் அதிபரானதும் நாம் மேடைதோறும் சொல்லும் கதை. அவர் என்ன பாடம் படித்தார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

இலவசக் கல்வி வந்து, 1960 அளவில் கலைப் பாடங்கள் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கப்படத் தொடங்கியதும் கிராமத்துப் பிள்ளைக்குக் கதவு திறந்தது. அது பெரிய நன்மை. ஆனால் பட்டம் பெற்றவர் தொகை கூடிய அளவுக்கு வேலை கூடவில்லை. கலைப் பட்டதாரியின் வேலையில்லாப் பிரச்சினை 1971 கிளர்ச்சியின் காலத்திலேயே பேசப்பட்ட விடயம். ஆங்கிலம் தெரிந்த, வசதியான வீட்டுப் பிள்ளை சட்டத்துக்கும் மருத்துவத்துக்கும் கணக்கியலுக்கும் நகர்ந்துவிட்டது. வரலாற்றை ஏழை வீட்டுப் பிள்ளையிடம் விட்டுவிட்டு, அந்தப் பிள்ளை வேலைக்காகப் படிக்கிறது என்று குறை சொல்வது நியாயமில்லை. அது வேலைக்காகத்தான் படிக்கும். படிக்கவும் வேண்டும். ஊர் ஜமாஅத் கூட்டங்களில் "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வரலாற்று உணர்வு இல்லை" என்று பேசுகிற பெரியவர்களில் எத்தனை பேர் தமது மகனையோ மகளையோ வரலாறு படிக்க அனுப்பினார்கள்?

இதனால் சமூகத்துக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். ஒரு பழைய உதாரணம் சொல்கிறேன். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் சோனகர் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். இனவியல்படி சோனகர் தமிழரே என்பது அதன் வாதம். சட்ட நிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் தேவையா என்ற கேள்வி நிலவிய நேரம் அது. 1889இல் எம்.சி. அப்துல் ரஹ்மான் நியமிக்கப்பட்டார். ஆனால் அந்தக் கட்டுரைக்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதிய விரிவான மறுப்பு 1907இல்தான் நூலாக வந்தது. இடையில் 19 வருடங்கள். ஒரு சமூகத்தின் அரசியல் இடம் ஒரு வரலாற்றுக் கட்டுரையில் தொங்கிய காலம் அது. யாருடைய வாதம் சரி என்பது வேறு விடயம். எதிர்வாதம் வைக்க ஆள் வேண்டியிருந்தது.

அது அந்தக் காலம் என்று விட்டுவிட முடியாது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளை முகாமை செய்ய ஜனாதிபதி செயலணி ஒன்று வர்த்தமானி மூலம் நியமிக்கப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்தால் பெரும்பான்மையாகும் மாகாணம். செயலணியில் அவர்களில் ஒருவரும் இல்லை. நாம் கண்டித்தோம், அறிக்கை விட்டோம், முஸ்லிம் ஒருவரைச் சேர்க்கக் கேட்டோம். அது நியாயமான கோரிக்கை. ஆனால் தொல்லியல் கற்று, பாளியும் பழைய சிங்களமும் வாசிக்கத் தெரிந்து, ஒரு கல்வெட்டின் முன்னால் நின்று அந்தப் பிக்குமாருடனும் அதிகாரிகளுடனும் சமமாகப் பேசக்கூடிய நமது ஆட்களின் பெயர்களைத் தாருங்கள் என்று கேட்டிருந்தால், அந்தப் பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்திருக்கும்? காணி வழக்கென்றால் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். மார்க்க விடயமென்றால் உலமாக்கள் இருக்கிறார்கள். பொத்துவில் முகுது மகா விகாரைப் பிரச்சினையோ கூரகல ஜெய்லானிப் பிரச்சினையோ வரும்போது சான்றை வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு எங்கே போவது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நமது சொந்தக் கதைகளையே நாம் பரிசோதிப்பதில்லை. 1626இல் செனரத் மன்னன் 4,000 முஸ்லிம்களைக் கிழக்கில் குடியமர்த்தினான் என்று பேசாத மேடை இல்லை. நானும் வகுப்பில் சொல்கிறேன். இதை முதலில் எழுதியவர் யார், எந்த மொழியில், எத்தனை வருடம் கழித்து, அதற்கு முன்னரே இங்கே இருந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு மாணவன் எழுந்து கேட்டால், தமிழில் ஒரு நூலை எடுத்து அவன் கையில் கொடுக்க முடியாமல் இருக்கிறது. லோனா தேவராஜா 1994இல் வெளியிட்ட இலங்கை முஸ்லிம்கள் பற்றிய நூலை நாம் இன்றுவரை ஆதாரமாகக் காட்டுகிறோம். எழுதியவர் சிங்களப் பெண்மணி, எழுதிய மொழி ஆங்கிலம். அவருக்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்கள். அதே அளவு உழைப்பில் நமது பிள்ளைகள் எழுதியவை எத்தனை என்று எண்ணிப் பார்க்கும்போதுதான் மனம் சங்கடப்படுகிறது.

வரலாற்றாசிரியர் வேண்டும் என்று நான் சொல்வதை, நமக்காக வழக்காட ஆள் வேண்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நமக்குச் சாதகமானதை மட்டும் தேடி எழுதுகிறவரை அடுத்த சமூகத்தவர் நம்பமாட்டார், நமது பிள்ளைகளே சில காலத்தில் நம்பமாட்டார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் சாட்சியங்களைப் பதிகிறவர், அதே வருடம் கிழக்கில் தமிழ்க் கிராமங்களில் நடந்தவற்றையும் போய்க் கேட்டு எழுத வேண்டும். அப்படி எழுதுபவருக்கு ஊரில் வரவேற்பு இருக்காது. அதைத் தாங்கும் பலத்தை அவருக்குப் பல்கலைக்கழகப் பயிற்சிதான் கொடுக்க முடியும்.

மொழிதான் இங்கே பெரிய தடை. நமது பிள்ளை தமிழ் மொழிமூலம் படிக்கிறது. கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் காலத்துக் காணித் தோம்புகள் இருக்கின்றன. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்கள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டவை, அதில் இலங்கையில் உள்ளவையும் அடங்கும். அவற்றில் நமது முன்னோரின் காணியும் வரியும் வியாபாரமும் இருக்கின்றன. ஒல்லாந்த மொழி தெரியாமல் அந்தத் தாள்களைத் திறந்து பயனில்லை. பிரித்தானியர் ஆவணங்களுக்கு ஆங்கிலம், சூளவம்சத்துக்குப் பாளி. அரபியும் பாரசீகமும்கூடத் தேவை. சீனத் தளபதி செங் ஹேயின் காலிக் கல்வெட்டு 1409ஆம் ஆண்டுக்குரியது. 1911இல் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரைத் தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்லும் ஒரே கல். அதில் அதிகம் தேய்ந்திருப்பது பாரசீகப் பகுதி.

அரபுக் கல்லூரியிலிருந்து வந்த இரு மாணவர்கள் பற்றிச் சொன்னேன். ஏழு வருடம் ஓதியதால் அரபி சரளம். உர்தூ ஓரளவு தெரியும். பாரசீக எழுத்தைப் பார்த்தால் வாசிக்க முயலும் துணிவு உண்டு. வாப்பும்மாவின் பெட்டியில் இருந்த அரபுத் தமிழ்க் கிதாபையும் வாசிப்பார்கள். வரலாற்றுத் துறை இப்படியான ஆட்களைத் தேடிப் பிடித்துக் கூப்பிட வேண்டும். ஆனால் இவர்களைப் போன்றோர் பெரும்பாலும் ஒலுவிலில் இஸ்லாமியக் கற்கைகளோ அரபு மொழியோ படித்துவிட்டு மௌலவி ஆசிரியர் நியமனம் எப்போது வரும் என்று காத்திருக்கிறார்கள். வரலாறு எடுத்த அந்த இருவரில் ஒருவர் இப்போது சவூதியில் ஒரு கம்பனியில் மொழிபெயர்ப்பாளர். மற்றவர் முதுமாணி ஆய்வு செய்கிறார், ஒல்லாந்த மொழி கற்க வழி தேடிக்கொண்டிருக்கிறார். "சேர், ஊரில் என்ன படிக்கிறாய் என்று கேட்டால் நான் சட்டம் படிக்கிறேன் என்று சொல்லிவிடலாமா என்று இருக்கு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

வேலை வாய்ப்பு ஆசிரியத் தொழிலோடு முடிவதும் இல்லை. தொல்பொருள் திணைக்களம், நூதனசாலைகள், சுவடிகள் திணைக்களம் எல்லாவற்றுக்கும் ஆட்சேர்ப்பு நடக்கிறது. நிர்வாக சேவைப் பரீட்சைக்குக் கலைப் பட்டதாரியும் தோற்றலாம். காலியிலும் கண்டியிலும் சுற்றுலா வழிகாட்டிகளாக நல்ல வருமானம் பெறுகிறவர்கள் இருக்கிறார்கள். வரலாறு படித்தவர் ஆங்கிலத்துடன் அதற்குள் போனால் நூலில் உள்ளதையாவது சரியாகச் சொல்வார். ஆனால் வர்த்தமானியில் விண்ணப்பம் கோரப்படும் நாளில் அதை வாசித்துப் பிள்ளைக்குச் சொல்ல எங்கள் ஊர்களில் ஆள் இல்லை. தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பம் வந்தால் அன்று மாலையே பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறோம்.

பணமும் நம்மிடம் இல்லாமல் இல்லை. ஊர்தோறும் கல்வி நிதியங்கள் இருக்கின்றன, ஸகாத் நிதியிலிருந்தும் மாணவர்களுக்கு உதவுகிறார்கள். மருத்துவ, பொறியியல் பீடங்களுக்குத் தெரிவானவர்களுக்கு மாலை போட்டு, மடிக்கணினி கொடுக்கிறோம். கொடுக்கட்டும். கலைப் பீடத்தில் சிறப்புப் பட்டத்துக்குத் தகுதி பெற்ற ஒரு பிள்ளைக்கு அந்த நான்காவது வருடச் செலவை மட்டும் ஏற்றுக்கொண்டால், அது ஒரு மடிக்கணினியின் விலையை விடப் பெரிதாகக் கூடிவிடாது. நிபந்தனை ஒன்று வைக்கலாம், ஆங்கிலமும் சிங்களமும் வாசிக்கும் அளவுக்குக் கற்க வேண்டும் என்று.

பிள்ளைகள் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளுக்கும் ஒரு வழி செய்யலாம். சிறப்புப் பட்டம் செய்கிறவர்கள் பலர் தமது ஊரைப் பற்றியே எழுதுகிறார்கள். ஊரின் குடி முறை, பள்ளிவாசல் நிர்வாகம், நெசவு, மீன்பிடி, சுனாமிக்குப் பிந்திய குடியேற்றம் என்று தலைப்புகள் இருக்கும். துறையில் ஒரு பிரதி ஒப்படைக்கிறார்கள், வீட்டில் ஒரு பிரதி இருக்கும். அதை ஊர் பொது நூலகத்தில் ஒரு அலுமாரியில் வைத்தால் அடுத்த பிள்ளை அங்கிருந்து தொடங்கும்.

2004 டிசம்பரில் கரையோர ஊர்களில் கடல் வந்து கொண்டுபோனவற்றுள் பழைய உறுதிகளும் கடுத்தப் பதிவுகளும் பள்ளிவாசல் கணக்குப் புத்தகங்களும் அடங்கும். மிஞ்சியவற்றைக் கறையான் தின்கிறது. இப்போது எங்கள் பக்கத்தில் வரலாறு படிக்கும் இரண்டு மாணவிகள் பழைய பள்ளிவாசல் பதிவேடுகளைக் கைப்பேசியில் படம் பிடித்துச் சேகரிக்கிறார்கள். மூன்று பள்ளிவாசல் நிர்வாகங்கள் அனுமதி கொடுத்திருக்கின்றன. இரண்டு நிர்வாகங்கள், பெண் பிள்ளைகள் வந்து பதிவேடு பார்ப்பது வழக்கமில்லை என்று கூறித் திருப்பி அனுப்பிவிட்டன. அந்த நிர்வாகத்தவர்கள் இதை வாசிக்கக்கூடும். பதிவேடுகளைப் பள்ளிவாசலுக்கு வெளியே, பொது நூலகத்துக்கு ஒரு நாள் கொண்டுவந்து, நிர்வாகத்தில் ஒருவர் பக்கத்தில் இருக்கப் படம் பிடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம் என்று மாணவிகள் சொல்கிறார்கள். பல்கலைக்கழக விடுமுறை அடுத்த மாத முடிவு வரை இருக்கிறது.